பேர் மாற்றாத கார்

செட்டிகுளம்
16.11.2025, ஞாயிறு

அன்பு மகள் பிரவீணாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம், விடிந்தால் எழுந்திருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளை பாலாஜியும் அங்கே அயர்லாந்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலைக்கோயில் முருகனிடம் கிருத்திகைக்குக் கிருத்திகை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நமக்கு இவ்வளவு செய்த பிறகும் அவனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, வேறு யாரிடம் போய்க் கேட்பது. வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாது பாப்பா. அப்பா என்று நான் வாயெடுத்தாலே வேறு பேசு என்கிறாய், மீறிப் பேசினால் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். இதைக் கிழிப்பதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

ஐப்பசி மழை இந்த வருஷம் விட்டுவிட்டுப் பெய்தது, சின்ன வெங்காயம் பாதிக்கு மேல் திருகல் நோய் விழுந்துவிட்டது, அப்பா ஒரு ஆளாய் நின்று பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஆள் விடலாம் என்றால் கேட்பதில்லை. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. தீபாவளிக்கு உன் மாமியார் வந்து துக்கம் ஆறாத வீடு என்று பலகாரம் எதுவும் கொண்டு வராமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷி, நீ அவரிடம் வெடுக்கென்று பேசாதே, என் நாக்கு உனக்கும் வந்திருக்கிறது, அது நல்லதுக்கில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். நைட் டியூட்டி என்றால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே, ஒரு பிடி சோறாவது ஆக்கிச் சாப்பிடு. உன் தம்பியின் வருஷத் திதியை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய், அப்பா முகம் திரையில் வந்ததும் சட்டென்று கட் பண்ணிவிட்டாய். அவர் அதைப் பார்த்தார். நெட் போச்சு போல என்று என்னிடம் சொன்னார், நானும் ஆமாம் என்றேன்.

நீ எதற்காக அவரோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும், நானும்தானே உன் பக்கத்தில் நின்றேன். போன வருஷம் ஆவணியில் சரத்துக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இண்டர்வியூ என்று அவனும் அப்பாவும் விடிந்ததும் கிளம்பிப் போனார்கள், அரியலூர் ரோட்டில் ஓடைப் பாலத்துக் கட்டையில் கார் மோதியது, அப்பாவுக்குக் கை எலும்பு போனது, உன் தம்பிக்கு உயிர் போனது. முதல் நாள் ராத்திரி அப்பா சோளத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அரைத் தூக்கத்தோடு வந்தார் என்று ஊர் முழுக்கச் சொன்னது நான்தான். நீ பிளேனை விட்டு இறங்கி ஓடி வந்து, பால் தெளித்து முடித்த கையோடு, தூங்கிட்டீங்களா என்று அவரைக் கேட்டாய். பிரேக் கல்லு மாதிரி நின்றுவிட்டது, அழுத்த அழுத்த இறங்கவில்லை என்றார். வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டரே பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதியிருக்கும்போது பொய் சொல்கிறீர்களே என்றாய். நான் சும்மா இருந்தேனா, பிள்ளையைக் கொன்னுட்டு வந்து கதை சொல்றாரு என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் ஸ்டேஷனில் அதிவேகம், கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்ததில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

பாப்பா, அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் நான் சொல்ல வந்த முதல் விஷயம்.

இந்த ஆனி மாதம் பெரம்பலூர் மெக்கானிக் ராஜவேல் வீட்டுக்கே வந்தார், அவருடைய ஷெட்டில்தான் அந்தக் கார் இன்னும் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு உட்காராமலேயே நின்றார். அந்த மாடலில் பழைய வண்டிகளுக்கு ஒரு குறை இருப்பதைக் கார் கம்பெனியே கண்டுபிடித்து அறிவிப்புக் கொடுத்திருக்கிறதாம். பிரேக்குக்குக் காற்று இழுத்துக் கொடுக்கிற குழாயில் ஒரு சின்ன வால்வு, நம் கிணற்று மோட்டாரில் இருக்கிற ஃபுட் வால்வு மாதிரி, அது சில நேரம் ஒட்டிக்கொள்ளுமாம், ஒட்டிக்கொண்டால் மிதி இறுகிவிடும், கொஞ்ச நேரத்தில் தானே விட்டுவிடும், அப்புறம் யார் சோதித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். வண்டியைக் கொண்டு போனால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்களாம், அந்தக் குறைக்காக முன்னாலேயே கைக்காசு போட்டு வேலை பார்த்தவர்கள் பில்லைக் காட்டினால் அதைத் திருப்பித் தருவார்களாம். ராஜவேல் இதைச் சொல்லிவிட்டு அழுதார். விபத்துக்கு ஒரு மாதம் முன்னால் அப்பா அவரிடம் போய் மிதி சில நேரம் இறுகுகிறது என்று சொல்லி வேலை பார்த்திருக்கிறார், வேறு எது என்று தெரியாமல் இவர் பிரேக் கட்டைகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார். பில் புத்தகத்தில் கார்பன் காப்பி இருக்கிறது. தேதி போட்டு, மிதி இறுகும் புகார் என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்.

அப்பா அந்தக் கார்பன் காப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாளே திருச்சி ஷோரூமுக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். மூவாயிரத்துச் சொச்சம் பில்லுக்கு இரண்டு பேர் பஸ் ஏறி அலைய வேண்டுமா, போன பிள்ளை வந்துவிடுவானா என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். அந்தக் காசு யாருக்கு வேண்டும் என்றார். கம்பெனிக்காரன் ஒரு ரூபாய் கொடுத்தாலும் குறை வண்டியில்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி, ஒத்துக்கொண்டு எழுத்தில் கொடுப்பான், அதைப் பிரவீணாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நாலு மாதம் அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அலைந்தார். திருச்சிக்கு ஐந்து நடை. இன்றைக்கு மேனேஜர் இல்லை என்பார்கள், ஆன்லைனில் போடு என்பார்கள், போட்டால் சென்னைக்குப் பேசு என்பார்கள், சென்னையில் ஒரு பெண் தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி ஸாரி சொல்லுவாள். வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சேரப் போகிற பிள்ளை மாதிரி பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் ஷோரூமில் ஒரு பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஆர்சியில் உங்கள் பேர் இல்லையே, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும், அவருக்கு வந்த நோட்டீஸின் நகலும் வேண்டும் என்றான்.

இங்கேதான் என் கதை வருகிறது. காரை நாம் ரெட்டிபாளையத்தில் சின்னதுரை என்கிறவரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கினோம் என்று உனக்குத் தெரியும், சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரை ஏன் மாற்றவில்லை என்று நீ கேட்டதில்லை. அப்பாவுக்குக் கடக ராசி, அப்போது அஷ்டமச் சனி நடந்துகொண்டிருந்தது. நான் ஜோசியரிடம் போனேன். அஷ்டமம் நடக்கும்போது வண்டிவாகனம் சொந்தப் பேருக்கு வந்தால் அடிபடும், பெண்டாட்டி பிள்ளை பேரிலும் எழுதக் கூடாது, வண்டி வேறொருவன் பேரிலேயே கிடக்கட்டும், சனி விலகின பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்பாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது, மறுவாரமே ஆர்டிஓ ஆபீஸ் போகிறேன் என்றார். நான் விட்டேனா, தாலியைப் பிடித்துக் காட்டி, உங்களுக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன் என்று அழுது, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, தடுத்துப்போட்டேன். இது நல்லதுக்கு என்று நினைத்துத்தான் செய்தேன் பாப்பா. உன் அப்பாவுக்கும் தம்பிக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்றுதான் செய்தேன்.

புரட்டாசி கடைசியில் இரண்டு பேரும் அரியலூர் போய் ரெட்டிபாளையத்துக்கு டவுன் பஸ் ஏறினோம். எந்த பஸ்ஸில் ஏறினாலும் அப்பா டிரைவரைப் பார்க்கிற மாதிரி முன்னால்தான் உட்காருவார், டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவருடைய வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும். அந்த ஓடைப் பாலம் வந்தபோது இரண்டு காலையும் சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்னதுரை வீட்டில் விஷயம் கேள்விப்பட்டிருந்தார்கள், அவர் சம்சாரம் குஞ்சம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அப்பா விவரத்தைச் சொல்லி, நோட்டீஸ் ஏதாவது வந்ததா என்று கேட்டார். அவர் உள்ளே போய் எல்ஐசி காகிதங்களுக்கு நடுவிலிருந்து இரண்டு கவர்களை எடுத்து வந்தார். ஒன்று தை மாதத்தில் வந்தது, விபத்துக்கு ஏழு மாதம் முன்னால். இன்னொன்று வைகாசியில் வந்தது. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, வண்டிதான் என்னுடையது இல்லையே என்று பத்திரமாக வைத்துவிட்டேன் என்றார். அப்பா அந்தக் கவரில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர் கேட்கக்கூட இல்லை, சின்னதுரை தானாகவே சொன்னார்.

"மொதக் கடுதாசி வந்த அன்னிக்கே போன் பண்ணி சொன்னேங்க. அம்மாதான் எடுத்தாங்க."

அது நிஜம். அந்தத் தை மாதத்தில் ஒரு மத்தியானம் அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுக் கொல்லைக் காட்டுக்குப் போயிருந்தார், மணி அடித்தது, நான் எடுத்தேன். உங்கள் வண்டி விஷயமாகக் கம்பெனியிலிருந்து ஒரு கடுதாசி வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அதற்கு முன்னால் இரண்டு தடவை பேரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நச்சரித்திருந்தார், இதுவும் அதற்குத்தான் சாக்கு என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னால் மறுநாளே ஓடிப்போய்ப் பேரை மாற்றிவிட்டு வந்துவிடுவார் என்று பயம். சும்மா சும்மா போன் பண்ணாதீர்கள், எங்களுக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும் என்று சுள்ளென்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இரண்டாவது கடுதாசி வந்தபோது அந்த மனுஷன் போனே பண்ணவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு பஸ் ஏறிப் போய் வாங்கியிருந்தால், அந்த வால்வை மாற்றியிருப்பார்கள். காசுகூட ஆகியிருக்காது பாப்பா. என் பிள்ளை இன்றைக்கு அந்த ரூமில் போனை நோண்டிக்கொண்டு கிடந்திருப்பான்.

நான் விபத்துக்கப்புறம் இந்தப் போனை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்றால் நம்புவாயா. மனசு எப்படியோ அதை மறைத்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அவரையே குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், அத்தனை பேர் நடுவில் நான் அவரைக் கேட்டதை இப்போது என்னைக் கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்க அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சின்னதுரையிடம் சொன்னார்.

"ஆமாங்க, அன்னிக்கே எங்கிட்ட சொல்லிச்சு. நான்தான் நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு வுட்டுட்டேன்."

சின்னதுரை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேரை மாற்றாததற்குக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அப்பா என் சோம்பல் என்று எழுதினார். அந்த நல்ல கையெழுத்தில் எழுதினார்.

திரும்பி வரும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார், என்னால் குடிக்க முடியவில்லை, வாங்கி அவரே குடித்தார். எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, பாதி தூரம் வந்த பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிரவீணா உங்கிட்டயாவது பேசுது. அதையும் கெடுத்துக்காத."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து இன்று வரை அந்தப் போனைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஒரு முறைப்பு இல்லை, சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லாமல் சாப்பிடுகிறார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்து நாளைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சின்னதுரை கொண்டு வந்து கொடுத்தார், பில் பணம் அவர் கணக்குக்குத்தான் வந்திருக்கிறதாம், அதையும் எண்ணி வைத்தார். அப்பா பணத்தைத் தொடவில்லை. காகிதத்தை ராஜவேல் மகள் நர்மதாவிடம் கொடுத்து தமிழில் சொல்லச் சொன்னார். இந்த வகை வண்டிகளில் முன்னறிவிப்பு இல்லாமல் பிரேக் மிதி இறுகக்கூடிய குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை நர்மதா சொல்லும்போது அவர் தலையை ஆட்டிக்கொண்டே அழுதார், உன் தம்பி போன அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. நர்மதா போன பிறகு நானே கேட்டேன், பிரவீணாவுக்கு அனுப்பிவிடலாமா, இதற்குத்தானே இத்தனை நாள் அலைந்தீர்கள் என்று. வேண்டாம் என்றார். எப்போது நோட்டீஸ் அனுப்பினோம் என்று இரண்டு தேதியும் போட்டிருக்கிறான், அது நர்ஸு, எதையும் தேதி பார்த்துத்தான் படிக்கும், ஏழு மாதம் முன்னால் வந்த கடிதத்தை யார் பார்க்காமல் விட்டது என்று கேட்கும் என்றார். பட்டா, சிட்டா வைக்கிற தகரப் பெட்டியில் அடியில் போட்டுப் பூட்டிவிட்டார். எந்தக் காகிதம் வந்தால் மகள் தன்னோடு பேசுவாள் என்று நினைத்தாரோ அதை எனக்காகப் பூட்டி வைத்துவிட்டார் பாப்பா.

நான் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டேன். ஜெராக்ஸ் இல்லை, அசலையே இதோடு வைத்திருக்கிறேன். ராஜவேல் எழுதிய பில்லின் நகலும் இருக்கிறது. தேதிகளைப் பார், நன்றாகப் பார், முதல் நோட்டீஸ் எப்போது வந்தது, அதற்கப்புறம் எத்தனை மாதம் உன் தம்பி உயிரோடு இருந்தான் என்று எண்ணிப் பார். கேட்க வேண்டியதை என்னைக் கேள். அவரிடம் நீ சொன்ன பொய் என்ற வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள். நான் சொன்ன வார்த்தையை நான் எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை, தினமும் அவர் இலை முன்னால் உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று வருவேன், சாம்பாரை ஊற்றிவிட்டுப் போய்விடுவேன்.

இனிமேல் நீ என்னோடு பேசாவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது, வாரத்துக்கு மூன்று தடவை வருகிற போன் அவருக்கு வரட்டும். பெற்ற வயிறு என்று ஈவு இரக்கம் பார்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் தலைமுறை தழைக்க, கண்ணீர் என்பதே தெரியாமல் நூறு வயது இருக்க வேண்டும், இந்தப் பாவத்தில் ஒரு துளிகூட உங்கள் பக்கம் வரக் கூடாது, எல்லாம் என்னோடு முடியட்டும் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் பேரைத் திரையில் பார்த்தால் அப்பாவுக்குப் பேச்சு வராது, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார், மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே பாப்பா. கொஞ்ச நேரம் பொறுத்திரு.

இப்படிக்கு,
அம்மா என்று போட்டுக்கொள்ள இன்னும் ஆசைப்படுகிற
பரிமளா